உமிச் சாம்பல் கான்கிரீட்: எத்தனை சதவீதம் என்பது அப்புறம், எந்தச் சாம்பல் என்பது முதலில்

கேள்வியின் சுருக்கம் இது. ஆரணிப் பக்கம் சாலிட் பிளாக்கும் பேவர் பிளாக்கும் போடும் சிறு யூனிட். அருகிலுள்ள அரிசி ஆலையில் பாய்லர் சாம்பலைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சிமெண்ட்டில் 20% குறைத்துவிட்டு அதைப் போடலாமா? வீட்டு ரூஃப் கான்கிரீட்டிலும் போடலாமா? கரும்புச் சக்கைச் சாம்பலும் கிடைக்கிறது, இரண்டில் எது மேல்?

பாய்லரிலிருந்து அள்ளிய சாம்பலை அப்படியே போடுவதாக இருந்தால் 20% என்ன, 5% கூட வேண்டாம். அதே சாம்பலைச் சோதித்து, சலித்து, அரைத்துப் போட்டால் பிளாக்கிலும் பேவரிலும் 10% வரை தாராளமாகப் போகலாம். ஏன் இந்த வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

சிமெண்ட் தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது, வலுக் கொடுக்கும் பசையோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. நம் நீற்றின சுண்ணாம்புதான் அது. இறுகிய பேஸ்ட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுவே. வலுவுக்குப் பெரிதாக உதவாது, தண்ணீரில் மெல்லக் கரைந்து வெளியேறவும் செய்யும். உமிச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. அந்தச் சிலிக்கா இந்தச் சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமெண்ட் தரும் அதே கால்சியம் சிலிகேட் பசையை இன்னும் கொஞ்சம் உருவாக்குகிறது. பழைய கட்டடங்களில் சுண்ணாம்போடு சுர்க்கி என்ற செங்கல் பொடியைச் சேர்த்தார்களே, அதன் அடிப்படையும் இதேதான்.

ஆனால் எல்லாச் சிலிக்காவும் வினைபுரியாது. ஆற்று மணலும் சிலிக்காதான், அது சுண்ணாம்போடு சேர்ந்து ஒன்றும் செய்வதில்லை, ஏனென்றால் அது படிகம். உமிச் சாம்பலில் நமக்கு வேண்டியது படிகமாகாத சிலிக்கா. உமியை 500 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள், காற்றோட்டம் விட்டு எரித்தால் அது கிடைக்கும். 800-ஐத் தாண்டி நீண்ட நேரம் கிடந்தால் கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறத் தொடங்கும். வெப்பநிலை மட்டும் கணக்கில்லை, நேரமும் கணக்கு. நெருப்பில் நொடிக்கணக்கில் பறந்துபோன துகளும், குவியலின் நடுவில் இரவெல்லாம் கனன்ற துகளும் ஒரே சாம்பல் அல்ல. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி.கே. மேத்தா இதை முறையாகக் காட்டிய பிறகுதான், உமிச் சாம்பல் குப்பை என்ற நிலையிலிருந்து கட்டுமானப் பொருள் என்ற நிலைக்கு வந்தது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. வெப்பமோ காற்றோ போதவில்லை என்றால் கரி மிஞ்சும். கரி, தண்ணீரை உறிஞ்சும். அதைவிட மோசமாக, தண்ணீரைக் கூட்டாமல் கலவையை இளக்க நீங்கள் காசு கொடுத்து வாங்கி ஊற்றும் சூப்பர் பிளாஸ்டிசைசரை உறிஞ்சிக்கொள்ளும். கலவை மிக்சரில் நன்றாகத் தெரியும், அரை மணி நேரத்தில் இறுகி நிற்கும். கறுப்புச் சாம்பலை வாங்கி மறுபடி எரித்து வெளுக்க வைக்கலாம் என்று சிலர் முயல்கிறார்கள். பெரும்பாலும் நடப்பதில்லை. உமியில் உள்ள பொட்டாசியம், வேகமாகச் சூடேறும்போது சிலிக்காவின் மேற்பரப்பை உருக்கி மூடிவிடுகிறது. கரி உள்ளே சிக்கிக்கொள்கிறது. அதன் பிறகு காற்று அதைத் தொடாது.

சாம்பலைச் சோதிப்பது

முதல் சோதனை கண்ணால். பல் துலக்கும் உமிக்கரி மாதிரி கன்னங்கறுப்பாக இருந்தால் கான்கிரீட்டுக்கு வேண்டாம். சாம்பல் நிறம் நல்ல அறிகுறி. வெள்ளை வெளேர் என்றோ லேசான இளஞ்சிவப்பாகவோ இருந்தால் மகிழ வேண்டாம்; கரி போய்விட்டது சரி, அதிக வெப்பத்தில் படிகமாகியிருக்கவும் வாய்ப்புண்டு. எரியவிட்டவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பாய்லரில் உமி மட்டுமா, கூடவே விறகு, முந்திரித் தோடு, நிலக்கரி ஏதாவது போகிறதா? சாம்பலை எங்கிருந்து எடுக்கிறார்கள், தட்டுக்கு அடியிலிருந்தா, புகைபோக்கிக்கு முன்னால் புகையிலிருந்து தூசியைப் பிரிக்கும் சைக்ளோனிலிருந்தா? கலப்பு எரிபொருள் என்றால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி வரும். அடித்தட்டுச் சாம்பலையும் சைக்ளோன் சாம்பலையும் ஒன்றாகக் கொட்டி வாங்காதீர்கள்.

அடுத்தது எரிப்பு இழப்பு. 105 டிகிரியில் உலர்த்திய சாம்பல் 1 கிராம் எடுத்து, மூசையில் வைத்து 900 முதல் 1000 டிகிரியில் எடை மாறாத வரை சூடாக்கி, டெசிக்கேட்டரில் ஆறவைத்து எடை போடுவார்கள். குறைந்த எடைதான், பெரும்பாலும், கரி. மஃபிள் பர்னஸ் உள்ள எந்தப் பாலிடெக்னிக் ஆய்வகத்திலும் செய்யலாம். அனல்மின் நிலைய ஈசாம்பலுக்கான (ஃபிளை ஆஷ்) இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3812 இந்த இழப்பை 5 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது. உமிச் சாம்பலுக்கும் அதையே குறிக்கோளாக வையுங்கள். 5 முதல் 8 வரை இருந்தால் பிளாக்குக்குச் சமாளிக்கலாம். 10-ஐத் தாண்டினால் அந்த லோடு வேண்டாம்.

மூன்றாவதுதான் உண்மையான தீர்ப்பு: சாந்துக் கனசதுரச் சோதனை. ஐ.எஸ். 1727 சொல்லும் முறைப்படி ஒரு பக்கம் 500 கிராம் சிமெண்ட், 1500 கிராம் தரமணல். மறுபக்கம் 400 கிராம் சிமெண்ட், அதே 1500 மணல், மீதி 100 கிராமுக்கு ஈடாகச் சாம்பல். ஈடு என்பது கன அளவுக்கு. சாம்பலின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 2.1, சிமெண்ட்டின் ஒப்படர்த்தி 3.15 என்றால் 100 கிராமுக்குப் பதில் 67 கிராம். இரண்டுக்கும் ஒரே அளவு இளக்கம் வரும்படி தண்ணீர் விட்டு, 50 மி.மீ. கனசதுரம் வார்த்து, 28 நாளில் உடைத்துப் பாருங்கள். சாம்பல் போட்டது மற்றதில் 80 சதவீதமாவது தாங்க வேண்டும், அதுவும் ஈசாம்பல் அளவுகோல்தான். நல்ல உமிச் சாம்பல் 100-ஐத் தொடும், தாண்டவும் செய்யும். 80-க்குக் கீழே வந்தால் படிகமாகியிருக்கிறது அல்லது அரைப்பு போதவில்லை. எக்ஸ்-கதிர்ச் சோதனை செய்ய வழியிருந்தால் காரணம் உடனே தெரியும்: நல்ல சாம்பலில் 22 டிகிரி கோணத்தின் அருகே பரந்த மேடு ஒன்று வரும், கெட்டதில் அதே இடத்தில் ஊசி மாதிரி முனை நிற்கும்.

அரைப்பது

இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் வேலைதான் பாதிக்கு மேல் தோற்கிறது. உமி எரிந்தாலும் அதன் எலும்புக்கூடு அப்படியே நிற்கும்: கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த சிலிக்காக் கூடு. அரைக்காமல் போட்டால் அந்தத் துளைகள் கலவைத் தண்ணீரை ஸ்பாஞ்ச் மாதிரி இழுத்துக்கொள்ளும். சித்தாள் கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஒரு குடம் ஊற்றுவார். அந்த ஒரு குடத்தில் வலு போய்விடும். பழி மட்டும் சாம்பல் மேல் விழும்.

சிமெண்ட்டை நைசாக அரைத்தால் தண்ணீர்த் தேவை கூடும். உமிச் சாம்பலில், ஓரளவு வரை, தலைகீழ்: அரைக்க அரைக்கக் கூடு நொறுங்கி, உள்ளே தண்ணீர் தங்க இடமில்லாமல் போய், தேவை குறையும். சராசரித் துகள் 10 மைக்ரான் அருகில் வந்தால் போதும். கையில் லேசர் கருவி இல்லாதவர்களுக்கு எளிய அளவுகோல், 45 மைக்ரான் சல்லடையில் ஈரமாகக் கழுவிச் சலித்தால் மேலே 10 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது. ஐ.எஸ். 3812 ஈசாம்பலுக்கு 34 சதவீதம் வரை விடுகிறது. உமிச் சாம்பலுக்கு அந்தத் தளர்வு ஒத்துவராது.

பால் மில் இருந்தால் நல்லது. சோதனை அளவுக்கு, கல்லூரி ஆய்வகத்தில் ஜல்லித் தேய்மானம் பார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் எந்திரத்தையே பயன்படுத்தலாம். மூடி ஓரத்தில் ரப்பர் பட்டை வைத்து இறுக்காவிட்டால் அறை முழுக்கத் தூசி. எத்தனை நேரம் என்று யாரும் பொதுவாகச் சொல்ல முடியாது. அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி, ஒரு கைப்பிடி எடுத்து 45 மைக்ரானில் கழுவிப் பார்த்து, மிச்சம் 10%க்குக் கீழே வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எடை, அதே குண்டுகள் என்றால் அடுத்த முறை அதே நேரம் ஓடும்.

அரைப்பதற்கு முன் இரண்டு வேலை. ஆலையில் தீ பிடிக்காமலிருக்கச் சாம்பல் மேல் தண்ணீர் அடித்துத்தான் கொட்டுவார்கள். அந்த ஈரத்தோடு மில்லில் போட்டால் குண்டுகளில் அப்பிக்கொள்ளும், அரைபடாது. தார்ப்பாயில் பரப்பி நன்றாகக் காய வையுங்கள். வெறும் தரையில் காயப்போட்டால் மண் சேரும். பிறகு 600 மைக்ரான் சல்லடையில் சலித்து, வேகாத உமியையும் கரித் துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு சலிப்பே எரிப்பு இழப்பைக் கண்கூடாகக் குறைக்கும்.

தூசி விஷயத்தில் அலட்சியம் கூடாது. படிகச் சிலிக்காத் தூசி நுரையீரலில் சிலிகோசிஸ் உண்டாக்கும், ஆற்ற முடியாத நோய். துண்டைக் கட்டிக்கொண்டு அரைப்பது பாதுகாப்பு இல்லை. மில் பக்கம் நிற்பவர், மூட்டை பிரிப்பவர் இருவருக்கும் என்-95 முகமூடி கட்டாயம்.

கலவை

முதல் விதி: ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டில் மட்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிபிசியில் ஏற்கனவே 15 முதல் 35 சதவீதம் ஈசாம்பல் இருக்கிறது. அதன் மேல் நீங்களும் சாம்பல் போட்டால் வினைபுரியச் சுண்ணாம்பே போதாது, வலு ஏறவும் தாமதமாகும். மூட்டையில் 43 அல்லது 53 கிரேடு ஓபிசி என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது விதி: எடை போட்டுத்தான். ஒரு சட்டி சிமெண்ட்டுக்குப் பதில் ஒரு சட்டி சாம்பல் என்று அளந்தால் சிமெண்ட்டின் பாதி எடைகூட வராது. கணக்கு முழுக்கத் தவறிவிடும்.

எம்25-க்கு (28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்கும் கான்கிரீட்) ஒரு கன மீட்டர் கணக்கு, 10% மாற்றுடன்: ஓபிசி 324 கிலோ, உமிச் சாம்பல் 36 கிலோ, தண்ணீர் 162 லிட்டர், எம்-சாண்ட் 692 கிலோ, 20 மி.மீ. ஜல்லி 1222 கிலோ, சூப்பர் பிளாஸ்டிசைசர் 2.9 கிலோ. தண்ணீர் விகிதம் 0.45, சிமெண்ட்டும் சாம்பலும் சேர்த்து. எம்-சாண்டுக்கு 2.65, ஜல்லிக்கு 2.75 ஒப்படர்த்தி என்று எடுத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் பொருளுக்கு மாறும். 36 கிலோ சிமெண்ட் 11.4 லிட்டர் இடம் பிடிக்கும், அதே எடைச் சாம்பல் 17 லிட்டர் பிடிக்கும். அந்த வித்தியாசத்தை மணல், ஜல்லியில் குறைத்திருக்கிறது. எடையை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டால் கன மீட்டர் கொஞ்சம் கூடி நிற்கும்.

ஒரு மூட்டை மிக்சருக்குச் சுருக்கினால், 50 கிலோ மூட்டையைப் பிரித்து எடுக்கும் வம்பு வேண்டாம். முழு மூட்டை 50 கிலோ, சாம்பல் 5.5 கிலோ, தண்ணீர் 25 லிட்டர், எம்-சாண்ட் 107 கிலோ, ஜல்லி 189 கிலோ, அட்மிக்சர் (அந்தச் சூப்பர் பிளாஸ்டிசைசர்தான்) 450 கிராம். மணலில் தன் உறிஞ்சலுக்கு மேல் 3% ஈரம் இருந்தால் அதுவே 3 லிட்டருக்கு மேல். அதை 25-லிருந்து கழிக்க வேண்டும். மழை மறுநாள் இதை மறந்தால் விகிதம் 0.50-ஐத் தாண்டிவிடும்.

போடும் வரிசையும் முக்கியம். ஜல்லியும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரும் முதலில். பிறகு சிமெண்ட்டும் சாம்பலும். முன்கூட்டியே உலர்வாகக் கலந்து வைத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் சாம்பல் தனியாகப் பறக்கும், மீதி கட்டியாக நிற்கும். பிறகு மணல். அட்மிக்சரைக் கடைசித் தண்ணீரில் கரைத்து விடுங்கள். உலர்ந்த சாம்பல் மேல் நேராக ஊற்றினால் உறிஞ்சப்பட்டு வீணாகும். எல்லாம் விழுந்த பிறகு 3 முதல் 4 நிமிடம் சுற்றட்டும். வழக்கமான 2 நிமிடம் இதற்குப் போதாது. ஸ்லம்ப்பை, அதாவது கூம்பு அச்சைத் தூக்கியதும் கலவை எவ்வளவு சரிகிறது என்ற அளவை, உடனேயும் 45 நிமிடம் கழித்தும் எடுங்கள். முதல் அளவு நன்றாக இருந்து இரண்டாவது பாதியாக விழுந்தால் கரி அதிகம் என்று பொருள். தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யாமல் அட்மிக்சரைக் கூட்டுங்கள், அல்லது சாம்பலை 5%க்கு இறக்குங்கள்.

தொடங்கும் முன் 0, 5, 10, 15 என நான்கு கலவை போட்டு, ஒவ்வொன்றிலும் 9 கியூப், 7, 28, 56 நாளில் மும்மூன்று உடைத்துப் பாருங்கள். எம்25-க்கு ஐ.எஸ். 10262 கணக்கில் 28 நாள் இலக்கு சதுர மி.மீ.க்கு 31.6 நியூட்டன். நல்ல சாம்பலில் 10% கலவை சாம்பல் போடாததற்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வரும். 15 சமாளிக்கும். 20-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சரிவுதான், சாம்பல் நல்லதாக இருந்தாலும் இளக்கம் கையை விட்டுப் போகும். நீங்கள் கேட்ட 20%, கட்டுப்பாட்டில் எரித்து நைசாக அரைத்த சாம்பலுக்கான எண். பாய்லர் சாம்பலுக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

நீராற்றலில் (கியூரிங்) குறுக்குவழி இல்லை. ஐ.எஸ். 456 ஓபிசிக்கு 7 நாள் என்றும், கனிமச் சேர்க்கை இருந்தால் 10 நாள், உலர்ந்த வெயில் காலத்தில் 14 நாள் என்றும் சொல்கிறது. நம் ஊர் வெயிலுக்கு 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: இந்தக் கான்கிரீட்டில் மேலே தண்ணீர் கசிந்து வராது. பார்க்கப் பசையாக, அழகாக இருக்கும். ஆனால் மேல்மட்டம் சீக்கிரம் காய்ந்து, முதல் சில மணி நேரத்திலேயே மயிரிழை வெடிப்பு விடும். தேய்த்து முடித்த கையோடு பாலிதீன் ஷீட் மூடுங்கள்.

உங்கள் யூனிட்டுக்கு

சாலிட் பிளாக் உலர் கலவை, ஸ்லம்ப் கவலை இல்லை, அதிர்வே அழுத்திவிடும். அதனால் இதற்குத்தான் உமிச் சாம்பல் பொருந்தும். 10% மாற்றுங்கள், ஐ.எஸ். 2185 சொல்லும் 10 சதவீத நீருறிஞ்சல் வரம்பைத் தாண்டுகிறதா என்று ஒவ்வொரு புதுச் சாம்பல் லோடுக்கும் பாருங்கள். முதல் நாளில் பிளாக் சற்று மென்மையாக இருக்கும், அடுக்க ஒரு நாள் கூடுதலாக விடுங்கள். வெட்டவெளியில் வைத்து இரண்டு வேளை டியூபில் தண்ணீர் அடிப்பது நீராற்றல் ஆகாது, சாக்கு போட்டு மூடி ஈரம் காயாமல் வைக்க வேண்டும்.

பேவரில் அடிக்கலவையில் மட்டும் சாம்பல் போடுங்கள். மேல் வண்ணப் படலத்தில் போட்டால் சிவப்பும் மஞ்சளும் மங்கி அழுக்காகத் தெரியும், லோடுக்கு லோடு நிறமும் மாறும். உபரி லாபமாக, சுண்ணாம்பைச் சாம்பல் பிடித்துக்கொள்வதால் பேவர் மேல் வெள்ளை பூப்பது குறையும்.

வீட்டு ரூஃபுக்கு வேண்டாம். விதி தடுக்கவில்லை, ஐ.எஸ். 456-இன் 2000 பதிப்பே, தேவையான தரமும் சீர்மையும் காட்டும் உமிச் சாம்பலை உரிய அதிகாரியின் ஒப்புதலோடு பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் அந்தச் சீர்மையைக் கொத்தனார் கையளவில் காப்பாற்ற முடியாது. பணக்கணக்கும் பாருங்கள். மூட்டை 400 ரூபாய் என்றால் கிலோ 8 ரூபாய், கன மீட்டருக்கு மிச்சம் 36 கிலோ, அதாவது 288 ரூபாய். அரைக்கும் மின்சாரம், காயவைக்கும் கூலி, கூடுதல் அட்மிக்சர் எல்லாம் அதிலிருந்து போக வேண்டும். ஒரு வீட்டு ரூஃபில் இது சில ஆயிரத்துக்கு மேல் வராது. பிபிசி வாங்கிப் போடுங்கள், ஆலை அளவில் சீராகக் கலந்த ஈசாம்பல் அதிலேயே இருக்கிறது. நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் உப்பு கம்பியைத் தின்னாமலிருக்க உமிச் சாம்பல் நன்றாக உதவும், துளைகளை அடைத்துவிடும் என்பதால். அதையும் எடை போட்டுக் கலக்கும் ரெடிமிக்ஸ் பிளான்ட் வழியாகச் செய்வதே முறை.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு: 1 டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி, அது எரிந்தால் 40 கிலோ சாம்பல். நாளுக்கு 40 டன் நெல் அரைக்கும் ஆலை தன் உமியை எல்லாம் எரித்தால் 1.6 டன் சாம்பல் தரும். சும்மா கிடைக்கிறது என்பதும் நிலையில்லை. எஃகு ஆலைகள் உருகிய இரும்பின் மேல் வெப்பம் தப்பாமல் மூட உமிச் சாம்பலை வாங்குகின்றன. அவர்களுக்குப் படிகமான சாம்பலே போதும். உங்களுக்கு வேண்டாதது அங்கே போகட்டும், சாம்பல் நிறச் சைக்ளோன் சாம்பலைத் தனி மூட்டையில் கேட்டு வாங்குங்கள்.

கரும்புச் சக்கைச் சாம்பல் இரண்டாம் பட்சம்தான், ஆனால் ஒதுக்கத் தேவையில்லை. அதில் நார்நாராக வேகாத கரி அதிகம். சென்னை ஐஐடியில் நடந்த ஆய்வுகள் காட்டிய வழி எளிது: 300 மைக்ரான் சல்லடையில் சலித்து நாரை நீக்கி, மிச்சத்தைச் சிமெண்ட் அளவு நைசாக அரைப்பது. சலிக்காமல் அரைத்தால் கரியும் சேர்ந்து பொடியாகிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. சக்கையோடு வயல் மண் ஒட்டி வருவதால் சாம்பலின் சிலிக்காவில் ஒரு பகுதி வெறும் மணல், அது வினைபுரியாது. உமிச் சாம்பலையும் இதையும் ஒன்றாகக் கலந்து போடாதீர்கள், தவறு நடந்தால் எதனால் என்று தெரியாமல் போகும். டீக்கடை, செங்கல் சூளை விறகுச் சாம்பலை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். அதில் சிலிக்கா குறைவு, சுண்ணாம்பும் பொட்டாஷும்தான் அதிகம். தென்னந்தோப்புக்குப் போட்டால் அதற்காவது பயன்படும்.